கழனியில் முளைத்த ஏரி

திருப்பதி
5.9.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தேவயானி எழுதுகிறேன். இரண்டு வருஷமாக நீ என் போனை எடுப்பதில்லை. இதைக் கிழிப்பதானாலும் படித்துவிட்டுக் கிழி.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். நம் ஏரியை மீட்கிறேன் என்று ஜேசிபி வைத்து அடிவரை வழித்தேன். வண்டலோடு அதில் கிடந்த விதைகளும் போய்விட்டன. காலேஜில் தாவரவியல் நடத்துகிற எனக்கே அது தோன்றவில்லை. இப்போது தண்ணீர் நிற்கிறது, ஆனால் காற்றில் பறந்து வந்த சம்பங்கோரையைத் தவிர ஒன்றும் முளைக்கவில்லை. அல்லி இல்லை, கொட்டிக்கிழங்குக் கொடி இல்லை, நீரில் நீந்தும் நாமக்கோழிகூட வருவதில்லை.

நேற்று ரோஜா அண்ணி உன் மூலைக் கழனியைப் படம் எடுத்து அனுப்பினார்கள். ஒரே களை என்று அலுத்துக்கொண்டார்கள். அது களை இல்லை அண்ணா, நம் ஏரியின் அல்லியும் கொட்டியும். ஏரி வண்டலை டிராக்டரில் கொண்டுபோய் அங்கே கொட்டியது நீதான். வேர்க்கடலை போட்ட இரண்டு வருஷமும் சும்மா கிடந்த விதை, நெல்லுக்குத் தண்ணீர் கட்டியதும் எழுந்துவிட்டது. மருந்து அடித்துவிடாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் தங்கை
தேவயானி

குடிபாலா
10.9.2025

தேவயானிக்கு,

இங்கு எல்லோரும் நலம். அடிமண்ணை விட்டுவை என்று அன்றைக்கே சொன்னேன், கேட்டாயா? என் அரை ஏக்கர் ஏரிப் புறம்போக்கு என்று வருவாய்த்துறை எம்.ஆர்.ஓ. ஆபீஸில் அர்ஜி கொடுத்தாயே, அப்போது அண்ணன் நினைப்பு வரவில்லை. ஊரே பார்க்க அளந்து எடுத்துக்கொண்டார்கள்.

உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே மருந்து அடித்தாயிற்று. எல்லாம் கருகிவிட்டது. இருபதாம் தேதி நடவு. இனி எழுதாதே.

சம்பத்

திருப்பதி
13.9.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ எழுதாதே என்றால் நான் அடங்கிவிடுவேனா? அர்ஜி கொடுத்தது சரிதான், இன்றைக்கும் கொடுப்பேன். ஆனால் உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கொடுத்தேன். அது தப்பு. அதற்கு மன்னித்துவிடு.

மருந்து முளைத்ததைத்தான் கொல்லும். முளைக்காத விதை அடியில் இருக்கும். மூலைக் கழனியை மட்டும் நடாமல் விடு. என் மாணவர்கள் வந்து மண்ணை ஏரிக்கு அள்ளிப்போவார்கள். சம்பங்கோரையை வெட்டி இடம் பண்ணினால் கரையோரம் சின்னக் கோரை வரும், பிறகு ஆழத்தில் அல்லியும் கொட்டியும் வேர் பிடிக்கும். நாலு வருஷம் ஆகலாம். ஆகட்டும், நான் விடப்போவதில்லை.

தேவயானி

குடிபாலா
22.9.2025

தேவயானிக்கு,

நடவு முடிந்தது. மூலைக் கழனியை நடவில்லை. உனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே. நாற்றுக் கட்டோடு இறங்கினேன். வரப்பில் நின்ற ரோஜா, "அது பாட்டுக்கு மறுபடி மொளச்சிக்கினு வருது, நீ இன்னாத்துக்கு அத்தப் போட்டு மெதிக்கிற?" என்றாள். குனிந்து பார்த்தேன். நகத்தளவு அல்லி இலை, கழனி முழுக்க. கால் வைக்க மனசு வரவில்லை.

மாணவர்களை அனுப்பாதே. நீயே வா. டிராக்டரை நான் ஓட்டுகிறேன். அந்த அரை ஏக்கருக்காக உன்னைத் திட்டிக்கொண்டேதான் ஓட்டுவேன். ஏரிக்கு எத்தனை நடை ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வர வேண்டும்.

அண்ணன்
சம்பத்