கடைசிப் பந்தி

ஞாயிறு இரவு.

இன்று சபையில் அசனம். எல்லோரும் ஒன்றாகத் தரையில் உட்கார்ந்து சாப்பிடும் நாள். சோற்று வாளியை நான் தூக்கினேன். முதல் பந்தியிலேயே மாரியப்பன் உட்கார்ந்திருந்தான். சீசன் ஆர்டர் என்று விரட்டி, என் வீட்டுக்காரரை உச்சி வெயிலில் பட்டாசு மருந்து கலக்க அனுப்பிய போர்மேன். அறை வெடித்தது, அவர் திரும்பவில்லை. இவன் இப்போது ஞானஸ்நானம் எடுத்து யோவான் ஆகிவிட்டானாம். எனக்கு அவன் மாரியப்பன்தான்.

அவர் போனதும், "ராசி கெட்டவ" என்று திருத்தங்கல் மாமியார் வீட்டில் என்னைப் பஸ் ஏற்றிவிட்டார்கள். இந்தச் சபைதான் மகளே என்று கூப்பிட்டது. ஆண்டவர் என்னை நேசிக்கிறார் என்று நம்பிய பிறகுதான் தலைநிமிர்ந்து தெருவில் நடந்தேன். அந்த ஆண்டவர் வீட்டில் இவனுக்கும் இலையா?

அவன் இலையைத் தாண்டிப் போனேன். சோறில்லாத இலையில் குழம்பும் விழவில்லை. பசியோடு போகட்டும் என்று பார்த்தேன். இரண்டு பந்தி எழுந்து போயும் அவன் எழவில்லை.

போதகர் கவனித்துவிட்டார். "என்ன யோவான், இன்னும் சாப்பிடலையா?"

"வைக்கிறவுக வைக்கட்டும்னு இருக்கேன் ஐயா."

பரிமாறியவர்களுக்குக் கடைசிப் பந்தி. மிச்சமிருந்தது அவன் பக்கத்து இடம் மட்டும். "உக்காரும்மா" என்று போதகர் வாளியை வாங்கி, இரண்டு இலையிலும் சோறு வைத்தார். நான் பட்டினி போட நினைத்தவனை நானே என் பந்திக்கு இழுத்திருக்கிறேன்.

அவன் பக்கம் திரும்பாமல் சாப்பிட்டேன். படுக்கும் முன் ஜெபத்தில் சொல்லிவிட்டேன்: ஆண்டவரே, அவன் உமக்குப் பிள்ளையாக இருந்துகொள்ளட்டும். எனக்கு அண்ணனாக ஆக்கிவிடாதேயும்.