முதல் கால்

மர்செய் துறைமுகம், பிரான்ஸ்
12-1-1937

அன்புள்ள அத்தாவுக்கு மகன் ஜமீல் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். நீங்களும் அம்மாவும், நம் பட்டறையில் மொக்கையன் அண்ணனும் சுகம் என்று நானாகவே வைத்துக்கொண்டேன். நான்கு வருஷத்தில் மூன்று கடிதம் போட்டும் யாரும் எழுதிச் சொல்லவில்லையே.

"பந்தா, கடையா? பந்துதான்னா இந்த வாசப்படிய மிதிக்காதே" என்று நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. போலீஸ் துரைக்குப் பூட்ஸ் கொடுக்க வேண்டிய நாளில் கடையைத் திறந்துபோட்டுவிட்டு ஆரப்பாளையம் ஆற்று மணலுக்கு ஆடப் போனது என் தப்புத்தான். தோல் அறுக்கும் கத்தியால் என் பந்தை நீங்கள் கிழித்ததில் எனக்கும் கோபந்தான். ஆனால் இந்தக் கடிதம் அதற்காக அல்ல.

இங்கே ஒரு பந்தாட்டக் குழுவில் வேலை பார்க்கிறேன். ஆட அல்ல, ஆடுகிறவர்களின் பூட்ஸைப் பழுது பார்க்க. உங்களிடம் கற்ற தொழில்தான் சோறு போடுகிறது. குழுவில் மூசா என்று ஒருவன். ஆப்பிரிக்காவில் டக்கார் என்ற ஊர், மீனவர் மகன், நம் மார்க்கத்துப் பிள்ளை. கப்பலில் கரி அள்ளிப்போட வந்தவன். துறைமுகத்தில் வெறுங்காலோடு ஆடியதைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார்கள். பந்து உதைக்க மாதச் சம்பளம், அத்தா.

வெறுங்காலோடு ஓடியே வளர்ந்ததால் மூசாவின் கால் விரல்கள் விசிறியாக விரிந்திருக்கும். அதிலும் ஒரு கால் மற்றதைவிடப் பெரிது. இந்த ஊர்ப் பூட்ஸ் எதுவும் சேரவில்லை. பாதி ஆட்டத்தில் ரத்தம் வழியக் கழற்றுகிறான். பூட்ஸ் இல்லாமல் ஆட இங்கே விடமாட்டார்கள். ஏப்ரல் கோப்பைப் போட்டிக்குள் ஒழுங்காக ஆடாவிட்டால் அவன் மறுபடி கரி அள்ளத்தான் போக வேண்டும். பழுது பார்க்க எனக்குத் தெரியும், அப்படி ஒரு காலுக்குப் புதிதாக வெட்ட உங்கள் கை வேண்டும். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி இரண்டு காகித நாடாவில் நீளத்துக்கும் சுற்றளவுக்கும் குறி போட்டு அனுப்பியிருக்கிறேன். 'முதல் கால்' என்று எழுதியிருப்பது பெரியது.

இப்படிக்கு,
உங்கள் மகன் ஜமீல்

காஜிமார் தெரு, மதுரை
24-2-1937

மகன் ஜமீலுக்கு அத்தா எழுதுவது. வஅலைக்கும் ஸலாம்.

உன் மூன்று கடிதமும் வந்தன. பதில் எழுதாததற்குப் பேனா காரணமல்ல.

பந்து உதைக்கச் சம்பளமாம். காசை எதில் தொலைப்பது என்று தெரியாத ஊர் போலிருக்கிறது. அந்த ஆட்டத்துக்கு என் கையால் பூட்ஸ் தைப்பதில்லை என்று முடிவு செய்து நாடாக்களை அலமாரிக்கு மேலே போட்டுவிட்டேன். மொக்கையன் சும்மா இருந்தானா? எடுத்து விரித்துப் பார்த்துவிட்டு, "இம்புட்டு அகலக் காலு வச்சிருக்கவன் பந்தத் தேடிப் போக வேணாம் மொதலாளி. பந்தே அவனத் தேடி வந்துரும்" என்றான்.

உன் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் குழம்பில் உப்பு இல்லை. அந்தப் பிள்ளை கரி அள்ளப் போவான் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை மட்டும் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னாள்.

ஆகவே தைத்தாகிவிட்டது. நல்ல கன்றுத் தோல், புல்லில் வழுக்காமலிருக்க அடியில் ஆறு தோல் குமிழ். முதல் காலுக்கு விரல் பக்கம் தாராளமாக விட்டிருக்கிறேன். ஆட்டத்துக்காகத் தைக்கவில்லை, காலுக்காகத் தைத்தேன். உனக்காகவும் அல்ல. வாசப்படி விஷயத்தில் சொன்ன சொல் சொன்னதுதான். பார்சல் தூத்துக்குடி போய்க் கொழும்பில் கப்பல் ஏறும்.

உமர் பாரூக்

மர்செய்
19-4-1937

அன்புள்ள அத்தாவுக்கு ஸலாம். முதலில் நல்ல செய்தி: ஜெயித்துவிட்டோம். இனி நடந்ததைச் சொல்கிறேன், கோபிக்காமல் வாசியுங்கள்.

பார்சல் ஆட்டத்துக்கு முதல் நாள் வந்தது. வாசனையை முகர்ந்ததும் நம் பட்டறையே நினைவுக்கு வந்துவிட்டது. மூசாவுக்கு மாட்டிப் பார்த்தேன். வலது பூட்ஸில் பூனை குட்டி போடலாம். இடது பூட்ஸில் கால் நுழையவே இல்லை. அவன் உதைப்பது இடது காலால். அதைத்தான் முதலில் அளந்தேன், அதனால்தான் முதல் கால் என்று எழுதினேன். நீங்கள் வலது என்று எடுத்துக்கொண்டீர்கள்.

இடது பூட்ஸை நனைத்து உள்ளே மரக்கட்டை அடித்துக் கொஞ்சம் இளக்கினேன். வலதில் பஞ்சு வைத்தேன். பழைய பூட்ஸே போதும் என்று நான் சொன்னதை மூசா கேட்கவில்லை. "உன் தகப்பனார் கடல் தாண்டி அனுப்பியது. இதைத்தான் போடுவேன்" என்றான்.

கோப்பையின் அரையிறுதி. எதிர்க் குழுவில் மூன்று பேர் அவன் இடது காலுக்கே காவல் நின்றார்கள். அவனுக்கோ விரல்கள் நசுங்கி அந்தக் காலால் பந்தைத் தொடவே முடியவில்லை. அவன் நிறத்தைக் கேலி செய்து ஒரு கூட்டம் கத்திக்கொண்டே இருந்தது. கடைசி இரண்டு நிமிஷம், பந்து அவனிடம் வந்தது. இடது காலால் உதைப்பான் என்று நம்பிக் கோல் காக்கிறவன் ஒரு பக்கம் பாய்ந்தான். மூசா பிறந்ததிலிருந்து உதைக்காத வலது காலால் உதைத்தான். பந்து மறு பக்கம் வலைக்குள் போய்விட்டது. கேலி செய்தவர்களே அவனைத் தோளில் தூக்கினார்கள். இத்துடன் இருக்கும் பத்திரிகைப் படத்தில் மேலே தெரிவது உங்கள் வலது பூட்ஸ். தையல் ஒன்றுகூட விடவில்லை.

மூசாவுக்கு மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தம் எழுதிவிட்டார்கள். இனி அவன் கரி அள்ள வேண்டாம்.

உங்கள் மகன் ஜமீல்

மதுரை
3-6-1937

மகன் ஜமீலுக்கு.

பள்ளிவாசலுக்குள் எந்தக் காலை முதலில் வைப்பாய்? செருப்பை எந்தக் காலில் முதலில் மாட்டுவாய்? மூன்று வயதில் உனக்குச் சொல்லிக்கொடுத்தது. முதல் கால் என்றால் வலது கால். இடது காலை முதல் கால் என்று எழுதிய ஒருவனை இந்த ஊரில் யாரும் கண்டதில்லை. ஆகையால் தப்பு உன்னுடையது, கோல் என்னுடையது.

படத்தை மொக்கையன் ஊர் முழுக்கக் காட்டிவிட்டான். பரவைச் சந்தையில்கூட என்னிடம் கேட்கிறார்கள். போன வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து ஆரப்பாளையத்தில் ஒரு ஆட்டம் பார்க்கப் போனேன். தையல் எப்படித் தாங்குகிறது என்று பார்க்கத்தான். வீட்டுக்கு வந்து சொன்னால் உன் அம்மா, "வெறுங்கால்ல ஆடுறவங்ககிட்ட என்னத் தையலப் பாத்தீக?" என்கிறாள். 

வேறு ஜோடி அனுப்புகிறேன். இந்த முறை எந்தக் கால் எது என்று உள்ளேயே மையால் எழுதிவிட்டேன்.

அத்தா

பாரிஸ்
8-11-1938

அன்புள்ள அத்தாவுக்கும் அம்மாவுக்கும் ஸலாம். பழைய ஒப்பந்தத்துக்குக் காசு கொடுத்து மூசாவைப் பாரிஸ் குழு ஒன்று எடுத்துக்கொண்டது. என் பூட்ஸ்காரனும் வந்தால்தான் வருவேன் என்று என்னையும் கூட்டிவந்துவிட்டான். இந்த வருஷம் முப்பத்தொரு கோல். பதினான்கு வலது காலால். கோப்பையையும் ஜெயித்தாகிவிட்டது. சுவரெங்கும் அவன் பெயர்.

போன மாதம் டக்காருக்குப் போய் வந்தான். அவன் தகப்பனார் கப்பல் கரை சேரும்வரை காத்திருக்கவில்லையாம். தோணியைத் தள்ளிக்கொண்டு எதிரே வந்துவிட்டாராம். அதைச் சொல்லிவிட்டு, "நீ எப்போது போகிறாய்?" என்று கேட்டான். எங்கள் வீட்டில் ஒரு வாசப்படி இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அவனுக்குப் புரியவில்லை. அத்தா, எனக்கு உங்களைப் பார்க்க வேண்டும்.

ஜமீல்

மதுரை
15-12-1938

என் மகன் ஜமீலுக்கு. வஅலைக்கும் ஸலாம்.

மீனவர் தோணியில் எதிரே போனார். செருப்புத் தைக்கிறவன் எதில் போவான்? கொழும்புக் கப்பல் வரும் நாளை எழுது. தூத்துக்குடிவரை ரயிலில் வாரேன்.

அன்று கிழித்த பந்தை நானே தைத்துவிட்டேன். மொக்கையனைத் தொட விடவில்லை. தையல் வெளியே தெரியாது. உள்ளே வைக்கிற ரப்பர்ப் பைதான் இங்கே நல்லதாகக் கிடைக்கவில்லை. வரும்போது வாங்கி வா. முடிந்தால் அந்தப் பிள்ளையையும் அழைத்து வா. அம்மா அவனுக்கும் சேர்த்தே அரிசி அளக்கிறாள்.

சொன்ன சொல்லை மாற்றுகிறவன் நான் இல்லை. வாசப்படியை மிதிக்காதே என்றேன். தாண்டி வரக் கூடாது என்று எப்போது சொன்னேன்? மிதிக்காமல் தாண்டி வா. முதல் கால் எது என்று இப்போது உனக்குத் தெரியும்.

உன் அத்தா,
உமர் பாரூக்