ஐந்தரை மணி வகுப்பு

ஆகஸ்ட் 26, செவ்வாய்

அல்ஜீப்ரா முதல் வகுப்பு. லீவு போட்டுவிட்டுச் சீக்கிரமே போயிருந்தேன். சிலபஸ், விதிகளும் சேர்த்துப் பதினொரு பக்கம். மற்றவர்கள் ஆசிரியரின் பெயரைப் பார்த்துவிட்டுப் பைக்குள் திணித்தார்கள். நான் மஞ்சள் பேனாவை எடுத்தேன். பத்தொன்பது வருடம் காப்பீட்டுக் கம்பெனியில் உட்கார்ந்து ஜனங்களின் விண்ணப்பங்களைச் சலித்தவள் நான். பொடி எழுத்தில் என்ன ஒளிந்திருக்கும் என்று எனக்கா தெரியாது? அந்தப் பொடி எழுத்தைக் காட்டித்தான் நாங்கள் 'இல்லை' என்று கடிதம் அனுப்புவோம். பிறகு கம்பெனி அரிசோனாவுக்குப் போனது, என்னை இங்கேயே விட்டுவிட்டு. இப்போது மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவு வாசலில் பெயர் பதிகிறேன்.

ஜனவரியில் எக்ஸ்ரே படிப்பு தொடங்குகிறது. பதினான்கு இடம். ஒன்றை எனக்கென்று வைத்திருக்கிறார்கள், டிசம்பருக்குள் இந்த அல்ஜீப்ராவில் 'சி' கிரேடு, அதாவது எழுபது மதிப்பெண், வாங்கினால். இல்லையென்றால் மறுபடி வரிசையின் வாலுக்கு. எனக்கு நாற்பத்தெட்டு வயது. வாசலில் பெயர் எழுதியே ஓய்வு பெற எனக்கு விருப்பமில்லை.

விதிகள்: தாமதமான வீட்டுப்பாடத்துக்குப் பூஜ்யம், விதிவிலக்கு கிடையாது. வகுப்புக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் பிந்தி வந்தால் தாமதம்; மூன்று தாமதம் ஒரு விடுப்பு; ஐந்து விடுப்பு ஆனால் பெயர் நீக்கம். (பள்ளி முடித்துவிட்டு நேராக வந்திருக்கும் பிள்ளைகளுக்காக எழுதியது.) கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: 'தேவைப்பட்டால் இவற்றை மாற்ற ஆசிரியருக்கு உரிமை உண்டு.' இரண்டு கோடு போட்டேன். தேவை என்றால் யாருடைய தேவை?

ஆசிரியர் மிஸ் க்ரீர். முப்பத்தைந்து இருக்கும். மூன்று கல்லூரிகளில் மணிக்கு இவ்வளவு என்ற கூலிக்கு வகுப்பெடுக்கிறாராம், எங்கேயும் சொந்த அறை கிடையாதாம். சிரித்துக்கொண்டே இருக்கிறார். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

5.38க்கு உள்ளே போனேன். ஐந்தேகாலுக்கு வேலை முடிந்து இருபத்து மூன்று நிமிடம் ஓட்டினால் அதுதான் கணக்கு. முதல் பத்து நிமிடம் ஆசிரியரிடம் சந்தேகம் கேட்கும் நேரம் என்று வைத்திருக்கிறார், அதனால் பாடம் எதுவும் தப்பவில்லை.

மேசையருகே ஒரு பெண் குனிந்து நின்று ஏதோ சொல்ல, மிஸ் க்ரீர் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். மெரிடித் ஸ்லோன். பல் டாக்டர் ஸ்லோனின் மகள். கல்லூரியின் நிர்வாகக் குழுவில் அப்பாவும் இருக்கிறார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

5.38. அதே மேசை, அதே மெரிடித். இன்று இருவரும் சிரித்தார்கள். இருபடிச் சமன்பாட்டில் சிரிக்க என்ன இருக்கிறது?

இனி ஒவ்வொரு வகுப்பிலும் குறித்து வைப்பதென்று முடிவு செய்தேன். தேதி, மணி, கண்டது. முந்தைய நான்கு வகுப்பையும் நினைவிருக்கும்போதே எழுதிக்கொண்டேன்.

செப்டம்பர் 15, திங்கள்

நான்காம் வீட்டுப்பாடம் பூஜ்யம். இருபது கணக்கும் செய்து முடித்தேன், அனுப்பும்போது ஞாயிறு நள்ளிரவைத் தாண்டி நான்கு நிமிடம் ஆகிவிட்டது. கணினி மூடிக்கொண்டது. சரி. விதி என்றால் விதி. நான் அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை.

செப்டம்பர் 18, வியாழன்

5.41 (ரயில்வே கேட்). எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மெரிடித்தின் மடிக்கணினித் திரையைப் பார்த்தேன். பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை. நான்காம் வீட்டுப்பாடம்: 92. அனுப்பிய நாள்: செப்டம்பர் 16.

பதினாறு! பதினான்கோடு மூடிய கதவை இவளுக்கு யார் திறந்தது?

வீட்டுக்கு வந்து கணவர் ராய்ஸிடம் சொன்னேன். மான் வேட்டைக்கு வில்லைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "நீ கணக்குப் படிக்கப் போறியா, துப்பறியப் போறியா?" என்றார். "எப்படித் தெறந்துச்சுன்னு அந்த டீச்சரையே கேட்டா என்ன?"

கேட்பதா? கேட்டால் உஷாராகிவிடுவார்கள்.

செப்டம்பர் 25, வியாழன்

முதல் தேர்வு. லீவு போட்டு மூன்று மணிக்கே போய்விட்டேன். மெரிடித் எனக்கு முன்பே எழுதி முடித்துப் போனாள். போகும்போது மிஸ் க்ரீர் அவளிடம் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார்.

செப்டம்பர் 30, செவ்வாய்

58. சமனின்மையை மைனஸால் வகுக்கும்போது குறியைத் திருப்ப வேண்டுமாம், நான்கு கணக்கில் மறந்திருக்கிறேன். தாளின் ஓரத்தில் பச்சை மையில்: 'யோசனை சரி. என்னிடம் வந்து பேசுங்கள்.'

எதற்குப் பேச? படிப்பை விட்டுவிடச் சொல்வதற்கா? நாங்களும் அப்படித்தான் எழுதுவோம்: 'எங்களைத் தொடர்புகொள்ளவும்.' தொடர்புகொண்டவர்களின் வாயைப் பிடுங்கி அதையே அவர்களுக்கு எதிராகக் கோப்பில் வைப்போம். நான் போகவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

5.39. மெரிடித் மேசையருகே. ஆறாம் வீட்டுப்பாடமும் அவளுக்கு இரண்டு நாள் பிந்தித் திறந்திருக்கிறது. இப்போது என்னிடம் இரண்டு சான்று.

அக்டோபர் 16, வியாழன்

5.38. இரண்டாம் தேர்வில் 71. சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் அந்தப் பூஜ்யம் இல்லாவிட்டால் இந்நேரம் 'சி' என் கையில் இருந்திருக்கும். மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். ஒரு பூஜ்யம்தான் என்னைக் கீழே இழுக்கிறது, அவளுக்கு அதையே 92 ஆக மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

எனக்கு வயிறு எரிகிறது. உள்ளதைச் சொன்னால் என்ன?

அக்டோபர் 24, வெள்ளி

துறைத் தலைவர் காஃப்மனுக்குப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டேன். நான்கு பக்கம். பதினெட்டு வகுப்பு, பதினெட்டு வரி. 'செப்டம்பர் 9: நான் உள்ளே வந்தபோது மணி 5.38. மிஸ் ஸ்லோன் ஆசிரியரின் மேசையருகே சிரித்துக்கொண்டிருந்தார்.' இப்படி. முடிவில்: 'சிலபஸில் உள்ள விதிகளை எல்லோருக்கும் ஒரே மாதிரி கடைப்பிடிக்க வேண்டுகிறேன்.'

ஓட்டை இல்லாத புகார். கம்பெனியில் இருந்திருந்தால் இதைப் புதிதாக வருபவர்களுக்குக் காட்டியிருப்பார்கள்.

அக்டோபர் 30, வியாழன்

மத்தியானம் காஃப்மன் கூப்பிட்டார். மரியாதையான மனிதர். காபி கொடுத்தார்.

"இவ்ளோ சுத்தமான புகார நான் பாத்ததே இல்ல மேடம். ஒரே ஒரு சந்தேகம். இந்த நேரமெல்லாம் வகுப்புக் கடிகாரத்தப் பாத்து எழுதினதா?"

"என்னோட வாட்ச். செகண்டுகூடப் பிசகாது." பெருமையாகச் சொன்னேன்.

அவர் தாளை என் பக்கம் திருப்பினார். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் பென்சிலால் ஒரு சின்னக் கோடு. மெரிடித்தின் பெயருக்குப் பக்கத்தில் இல்லை. மணிக்குப் பக்கத்தில்.

"பதினாறு," என்றார். "பதினாறு தாமதம். அஞ்சு விடுப்பு ஆகி, மேல ஒண்ணு மிச்சம். மிஸ் க்ரீர் பதிவேட்டுல நீங்க ஒரு நாள்கூட லேட் இல்ல."

நானா? தாமதமா? வேலையிலிருந்து வருகிறேன். அந்தப் பிள்ளைகளைப் போலவா?

"எல்லாருக்கும் ஒரே மாதிரின்னு நீங்களே கேட்டிருக்கீங்க," என்றார். குரலில் குத்தல் இல்லை, அதுதான் இன்னும் மோசம். "அப்படிச் செஞ்சா மிஸ் ஸ்லோனுக்கு ரெண்டு வீட்டுப்பாடம் பூஜ்யமாகும், அப்பவும் பாஸ் ஆயிடுவாங்க. பட்டியல்லேருந்து போற பேரு உங்களோடது. புகார வாபஸ் வாங்கினீங்கன்னா நான் எதையும் பாக்கல."

கையெழுத்துப் போட்டேன். எவ்வளவு வேகமாகப் போட்டேன்! நான்கு பக்கத்தையும் அவர் இழுப்பறையில் வைத்து மூடினார். திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். வாபஸ் வாங்கிய தாளை யாரும் கிழித்துப் போடுவதில்லை என்று எனக்குத் தெரியாதா? கேட்கவில்லை. கேட்கிற நிலையில் இல்லை.

சாயங்காலம் வகுப்புக்குப் போகவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

வகுப்பு முடிந்து கார் நிறுத்தும் இடத்தில் மிஸ் க்ரீரைப் பிடித்தேன். பின்சீட் முழுக்கத் தாள் கட்டுகள், ஒரு ஜோடி காலணி, பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட். அதுதான் அவருடைய அலுவலகம்.

"புகார் குடுத்தது நான்தான்," என்றேன்.

"தெரியும். வகுப்புல மணி பாத்து எழுதிக்கிறவங்க வேற யாரு இருக்கா?"

"என்ன ஏன் லேட்டுன்னு போடல?"

"கழுத்துல ஆஸ்பத்திரி அட்டை ஆடிட்டிருக்க, வண்டிய நிறுத்திட்டு ஓடி வர்றீங்க. ஜன்னல்ல தெரியும் நாடீன். அதுக்கு மேல நான் என்னத்தப் போட?"

"மெரிடித்துக்கு மட்டும் ஏன் தெறந்து விட்டீங்க? அவ அப்பா…"

"அவ அப்பா யாருன்னு உங்க புகாரப் பாத்துதான் தெரிஞ்சுக்கிட்டேன். அவ கேட்டா, தெறந்தேன். பிந்தினவங்கள்ல பதினோரு பேரு கேட்டாங்க, பதினோரு பேருக்கும் தெறந்தேன். கேக்காதது நீங்க ஒருத்தர்தான்."

"விதிவிலக்கு கிடையாதுன்னு எழுதியிருக்கே!"

"அது துறையில எழுதிக் குடுக்கிறது. எல்லா வகுப்புக்கும் அதே வார்த்தை." கார்க் கதவைத் திறந்தார். "தாள்ல வந்து பேசுங்கன்னு எழுதினேனே, பாக்கலயா?"

வீட்டுக்கு வரும் வழி முழுக்க அதே நினைப்பு. கம்பெனியில் பத்துப் பேருக்கு 'இல்லை' என்று அனுப்பினால் ஒன்பது பேர் கடிதத்தை மடித்து வைத்துவிடுவார்கள். பத்தாவது ஆள் போன் போட்டுக் கேட்பார். அவருக்குக் கொடுத்துவிடுவோம். இது எங்களுக்குள் எல்லோருக்கும் தெரியும். அந்த ஒன்பது பேரை முட்டாள்கள் என்று நான் சிரித்திருக்கிறேன்.

சீ.

நவம்பர் 5, புதன்

மேலதிகாரி வெர்னாவிடம், செவ்வாய் வியாழன் மட்டும் ஐந்து மணிக்குக் கிளம்பலாமா என்று கேட்டேன்.

"போயேன்," என்றாள். "ஆகஸ்ட்லயே கேக்கறதுக்கென்ன?"

நவம்பர் 6, வியாழன்

5.24. வகுப்பில் முதல் ஆள் நான்தான். மடக்கையில் மூன்று சந்தேகம் கேட்டேன். மிஸ் க்ரீர் எப்போதும் போலவே இருந்தார். நடிக்கிறாரோ என்று தோன்றியது. பத்து நிமிடம் உற்றுப் பார்த்தேன். நடிக்கவில்லை.

நான்காம் வீட்டுப்பாடத்தைத் திறந்துவிடச் சொல்லிக் கேட்க வாய் வரை வந்தது. அந்தப் புகாருக்குப் பிறகு எந்த முகத்தோடு கேட்பது? சிலபஸ் பிரகாரம் அது பூஜ்யம், இருக்கட்டும்.

நவம்பர் 20, வியாழன்

மூன்றாம் தேர்வு 81. மெரிடித் திரும்பி, "ஏழாவது கணக்கு எப்படிப் போட்டீங்க? எனக்கு விளங்கவே இல்ல," என்றாள். சொல்லிக் கொடுத்தேன். நல்ல பெண்ணாகத்தான் இருக்கிறாள். இதை எழுதவே கை கூசுகிறது.

டிசம்பர் 4, வியாழன்

ஆசிரியரைப் பற்றிய கருத்துப் படிவம் கொடுத்தார்கள். பெயர் எழுத வேண்டாம். அடுத்த பருவத்துக்கு வகுப்பு தருவதா என்று இதையெல்லாம் வைத்துத்தான் முடிவு செய்வார்களாம். ஆறாம் கேள்வி: 'ஆசிரியர் சிலபஸில் உள்ள விதிகளை எல்லோருக்கும் ஒரே மாதிரி கடைப்பிடித்தார்.'

பத்து நிமிடப் படிவத்துக்கு நான் அரை மணி எடுத்துக்கொண்டேன். 'முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்' என்ற கட்டத்தை நிரப்பினேன். என் ஆயுளில் தெரிந்தே பொய்யாக நிரப்பிய முதல் தாள் இது.

டிசம்பர் 16, செவ்வாய்

73. 'சி'. எக்ஸ்ரே படிப்பில் என் இடம் உறுதி. ராய்ஸ் மான் கறியில் சில்லிக் குழம்பு வைத்து, "துப்பறியும் அம்மாவுக்கு," என்று கிண்ணத்தை நீட்டினார். இருவரும் சிரித்தோம். இரண்டாம் தடவை போட்டுத் தின்றேன்.

ஜனவரி 7, புதன்

அடுத்த பருவ அட்டவணை வந்திருக்கிறது. அல்ஜீப்ரா, செவ்வாய்–வியாழன், 5.30. ஆசிரியர்: பின்னர் அறிவிக்கப்படும்.

ஏன் பின்னர்? படிவங்களில் எல்லோரும் நல்லபடியாகத்தான் எழுதியிருப்பார்கள். காஃப்மனுக்கு மின்னஞ்சல் போட்டேன். மிஸ் க்ரீர்தானே எடுக்கிறார் என்று மட்டும் கேட்டேன்.

ஜனவரி 8, வியாழன்

பதில் வந்துவிட்டது. அப்படியே எழுதி வைக்கிறேன்.

'அன்புள்ள நாடீன், எக்ஸ்ரே படிப்பில் சேர்வதற்கு வாழ்த்துகள். இந்தப் பருவத்திலிருந்து அந்த வகுப்பை, விதிகளைச் சரியாகப் பின்பற்றும் வேறொருவரிடம் ஒப்படைக்கிறோம். பருவத்தின் நடுவில் மாணவர்களுக்கு இடைஞ்சல் வேண்டாம் என்றுதான் பொறுத்திருந்தோம். வருகைப் பதிவு உண்மையாக இல்லாததை நிரூபிக்க உங்கள் குறிப்புகள் பெரிதும் உதவின. இவ்வளவு துல்லியமாக எழுதியதற்குத் துறையின் நன்றி.'



ஜனவரி 9, வெள்ளி

காஃப்மனுக்கு மறுபடி எழுதினேன். பதினாறு நாளும் தாமதமாக வந்தது என் தவறு என்றும், அந்த வகுப்பை மிஸ் க்ரீருக்கே திருப்பிக் கொடுங்கள் என்றும் கேட்டிருக்கிறேன். மொத்தம் மூன்று வரி. தேதி, மணி எதுவும் போடவில்லை.

மத்தியானம் அவருடைய அலுவலகத்துக்குப் போன் போட்டு ஒரு முறை கேட்டேன். நாலு மணிக்கு இன்னொரு முறை கேட்டேன். சார் கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். திங்கட்கிழமை நேரில் போய்க் கேட்பேன்.