ஆடு மிரளாத வண்டி

சங்கரன்கோவில்
26-6-83

அன்பு மகன் துரைப்பாண்டிக்கு அம்மா கோமதித்தாய் எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் ஆடுகளும் கோமதி அம்மன் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம், அங்கே கரக்பூரில் நீயும் மருமகள் பேச்சியும் பேரப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைக்குப் பல் முளைத்த சேதியை உன் அப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார், கடனுக்குப் பால் ஊற்றுகிறவளைக்கூட விடவில்லை. பல் முளைக்கிற நேரத்தில் வயிற்றால் போகும், பயப்பட வேண்டாம், தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுக்கச் சொல்.

நீ எழுதியிருந்த விஷயத்துக்கு வருகிறேன். முழங்கால் வலியோடு அப்பாவால் ஆட்டுக்கிடைக்கு நடக்க முடியாது, மொபெட் வண்டியில் போனால் ஆடு மிரளுகிறது, பேசாமல் ஆட்டையெல்லாம் விற்றுவிட்டு இரண்டு பேரும் இங்கே வந்துவிடுங்கள் என்று எழுதியிருந்தாய். வாசித்துக் காட்டினேன், மனுஷன் தட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்துபோனார். நான் உன் பக்கம்தான் பேசினேன், கடையநல்லூர் ஆட்டு வியாபாரி பாதுஷா பாய்க்குச் சொல்லி அனுப்பியதும் நான்தான். பாய் வந்து ஆடுகளைப் பார்த்துவிட்டு, பெருநாளுக்கு முன்னால் வேண்டும், வெள்ளிக்கிழமை முடிவு சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு போனார்.

உன் போனஸ் பணத்தில் வாங்கிய பழைய மொபெட்டை நான் குறை சொல்லவில்லை, ஆனால் அது போட்ட சத்தம் இருக்கிறதே, இரட்டை மேளம் தோற்றது போ. இந்த வருஷம் திருவேங்கடம் ரோட்டில் ஒருவருடைய கரிசல் காட்டில், உரத்துக்காகக் கிடை போட்டிருக்கிறது. கூலிக்கு மேய்க்கிற தங்கசாமி சாயங்காலம் ஆடுகளைப் பட்டிக்கு ஓட்டி வரும் நேரம் பார்த்து உன் அப்பா போய்ச் சேருவார், வண்டி பனைமரத்துப் பக்கம் வரும்போதே ஆடுகள் நாலு பக்கமும் சிதறும். ஒரு சினை ஆடு ஓடையில் விழுந்து சினை கலைந்து போனது. காட்டுக்காரர், ஆடு இப்படி ஓடினால் என் காட்டுக்கு உரம் எப்படிச் சேரும், நான் வேறு கிடை பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். உன் அப்பா சும்மா இருப்பாரா, தான் போர்த்துகிற கம்பளியைத் தண்ணீரில் நனைத்து சைலன்சரைச் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டினார். சத்தம் அமுங்கிவிட்டது, பார்த்தியா என் மூளையை என்று என்னிடம் பெருமை வேறு. பாதி வழியில் கம்பளி காய்ந்து பொசுங்கத் தொடங்கிவிட்டது. ஆட்டு மயிர் பொசுங்குகிற நாற்றம் ஆட்டுக்குத் தெரியாதா, அன்றைக்கு ஓடிய ஓட்டத்தில் அடுத்த ஊர் எல்லையில் போய்த்தான் நின்றன. தங்கசாமி கையெடுத்துக் கும்பிட்டு, அண்ணாச்சி நீங்க நாளைக்கு நடந்தே வாங்க, கோடிப் புண்ணியம் என்றானாம். நான் சிரித்துவிட்டேன் என்று என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

அப்புறம் நான்தான் வற்புறுத்தி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒர்க் ஷாப் வைத்திருக்கிற பீர் மைதீனிடம் வண்டியை அனுப்பினேன். வண்டிச் சத்தத்தைப் பற்றி முந்தின கடிதத்தில் நீ எழுதியிருந்தபடியே எஞ்சினும் சைலன்சரும் சேருகிற இடத்தில் வாஷர் எரிந்து போயிருந்தது. அதுபோக, முன்னால் வைத்திருந்த புண்ணியவான் வேகமாகப் போக வேண்டும் என்று சைலன்சருக்குள் இருக்கிற ஓட்டைக் குழாயை உருவிப் போட்டிருக்கிறான், சத்தத்தை அமுக்குவதே அதுதானாம். வேறு குழாய் போட்டு, உள்ளே அடைந்த கரியை எரித்துத் தட்டி, வாஷர் மாற்றி, கடகடவென்று ஆடிய மட்கார்டுக்கு அடியில் சைக்கிள் டியூபை வெட்டிக் கொடுத்து முறுக்கிவிட்டார். வேகம் கொஞ்சம் குறையும், ஏற்றத்தில் பெடல் போட வேண்டும் என்றார். நோன்பு வயிற்றோடு வெயிலில் உட்கார்ந்து பார்த்த வேலை, அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும்.

வியாழக்கிழமை சாயங்காலம் தூக்குவாளியோடு நானும் பின்னால் ஏறிக்கொண்டேன், மறுநாள் பாய் வந்துவிடுவார், ஆடுகளைக் கடைசியாக ஒருதரம் பார்த்துவிடலாம் என்றுதான் போனேன். சத்தம் இல்லாமல் இல்லை, தையல் மிஷின் மாதிரி ஓடியது. பனைமரத்தைத் தாண்டியதும் ஆடுகள் தலையைத் தூக்கி ஓடப் பார்த்தன. உன் அப்பா வண்டியில் இருந்தபடியே நாக்கை மடித்து, ட்ரூவ் ட்ரூவ் என்று எப்போதும் கூப்பிடுகிறதுபோலக் கூப்பிட்டார். இத்தனை நாளும் கூப்பிட்டுக்கொண்டேதான் வந்திருக்கிறார், அந்த இரைச்சலில் எந்த ஆட்டுக்குக் கேட்கும். நெற்றிச்சுட்டி ஆடு முதலில் நின்றது, திரும்பிப் பார்த்தது, பிறகு ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் எங்களைப் பார்த்து வந்துவிட்டன. ஒன்று சீட்டை நக்குகிறது, ஒன்று என் சேலையைக் கடிக்கிறது. உன் அப்பா ஹேண்டிலை விடாமல், "ஏட்டி, மகன் எனக்கு காலு வாங்கிக் குடுத்திருக்காம்ட்டி" என்றார். கண்ணெல்லாம் தண்ணீர், எனக்கும்தான். அந்த இடத்திலேயே என் மனசு மாறிவிட்டது.

வெள்ளிக்கிழமை பாய் வந்தபோது இவர் வீட்டில் இல்லை, விடிந்ததுமே கிடைக்குப் போய்விட்டார். ஆடு கொடுப்பதாக இல்லை என்று நானே சொன்னேன், நோன்பு என்பதால் ஒரு வாய் காப்பிகூடக் கொடுக்க முடியாமல் எனக்குச் சங்கடமாகிவிட்டது. பாய் கோபப்படவில்லை, ஆடு இல்லன்னா போவுது, அந்த வண்டியவாவது குடுப்பியளா என்று சிரித்துக்கொண்டே போனார். காட்டுக்காரரும் வந்து பார்த்துவிட்டு, விதைப்பு வரைக்கும் கிடை இங்கேயே கிடக்கட்டும் என்று சொல்லியிருக்கிறார். இப்போது ஒரே ஒரு தொல்லை, ரோட்டில் யார் மொபெட்டில் போனாலும் ஆடுகள் பின்னாலேயே ஓடுகின்றன.

நீ கூப்பிட்டு நாங்கள் வரவில்லை என்று மனத்தாங்கல் வேண்டாம் மக்கா. விதைப்பு முடிந்ததும் தங்கசாமியிடம் விட்டுவிட்டு வந்து பேரப்பிள்ளையோடு ஒரு மாதம் இருப்போம். கோயிலில் ஆடித் தபசுத் திருநாளுக்கு உன் பெயரில் மாவிளக்கு போடுகிறேன். கவருக்குள் கோயில் புற்றுமண் மடித்து வைத்திருக்கிறேன், பிள்ளை நெற்றியில் பூசு. நீயும் பகல் முழுக்க ரயில் எஞ்சின் இரைச்சலில் நிற்கிறவன், காதில் பஞ்சு வைத்துக்கொள். அடுத்த கடிதத்தில் ஆட்டை விற்கச் சொல்லி எழுதாதே, அதற்குப் பதில் மொபெட்டுக்கு நல்ல பிளக் ஒன்று வாங்கி அனுப்பு. மூன்று பேரும் நோய் நொடியில்லாமல் நீண்ட ஆயுசோடு இருக்க அம்மன் துணையிருப்பாள்.

இப்படிக்கு, உன் அம்மா
கோமதித்தாய்

உன் அப்பா தானும் எழுத வேண்டும் என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். கையெழுத்துக்கு மேல் அவர் எழுதி நான் பார்த்ததில்லை, எழுத்துக் கூட்டி வாசித்துக்கொள்.

மகனே வண்டி இப்பம் சத்தம் போடல. நான் போடுதேன். ஆடு வருது. அப்பா.