பால்காரன் வீட்டு மல்லாட்டைத் தயிர்

மச்சான்,

நேற்றுக் காலை அடுப்பில் மல்லாட்டைப் பால் பொங்கியது. பச்சை வாசனை அடங்கி, அவித்த வாசனையும் இல்லாமல் வறுத்த வாசனையும் இல்லாமல், நடுவில் ஒரு வாசனை எழும்புமே, அது வீடெல்லாம் நிறைந்தது. கரண்டியைக் கையில் பிடித்தபடி வாசலைத் திரும்பிப் பார்த்தேன். செருப்பை உதறிவிட்டு, "இன்னா மாமா, பொங்க விட்டுட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டு நீ வருவாய் என்று தோன்றிவிட்டது. வாசலில் வெயில் இருந்தது. வெயிலுக்குப் பின்னால் மலை இருந்தது. வேறு யாரும் இல்லை.

இதை நானேதான் எழுதுகிறேன். நம்புவாயா? உன் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே, "ஒரு கட்டு கீரை ஆஞ்சு முடிச்சுட்டேன், நீ இன்னும் அதே வரியிலதான் நிக்கற" என்கிறாள். சுக்குக் காப்பி ஆறிப்போய்விட்டது. ஆறட்டும். ஒவ்வொரு எழுத்தும் முடிந்து நிமிரும்போது, வரப்பில் ஒரு நாற்று நட்டு நின்றதுபோல் மனசு குளிர்ந்து போகிறது. அவசரப்பட எனக்கு இஷ்டம் இல்லை.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம் ஒரு சின்ன ஓட்டலில் நீ சமையலுக்குச் சேர்ந்த காலம். நான் அடி அண்ணாமலையிலிருந்து சைக்கிளில் பால் கேன் கட்டிக்கொண்டு அதே ரோட்டில் வீடுவீடாக ஊற்றி வருவேன். ஒருநாள் பின்கட்டில் என்னை நிறுத்தி வைத்துக்கொண்டு, கண்ணெல்லாம் விரிய நீ சொன்னாய். "மாமா, ஒரு வெள்ளக்காரம்மா வந்திருக்காங்க. கறி, முட்டை வேணாம்னாங்க, சரின்னேன். பால் வேணாம், தயிர் வேணாம்னாங்க, அதுக்கும் சரின்னேன். நெய் போட்டுத் தாளிச்சேன், தட்டைத் தள்ளிட்டாங்க. நெய் எப்படிம்மா பாலாகும், அது நெய்யிதானேன்னு கேட்டா சிரிக்கிறாங்க. வீகனாம்!"

"உடம்புக்கு இன்னாவாம்?" என்று நான் கேட்டேன்.

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்காங்க. மாட்டை நெனச்சு விட்டுட்டாங்களாம்."

பால் கேனைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. உனக்கு வேடிக்கையாக இல்லை. நாலு நாள் கழித்து எங்கள் வீட்டுக்கு வந்து அக்காவின் அடுக்களையை ஆராய ஆரம்பித்தாய். "கேழ்வரகுக் கூழ், புளிக்கொழம்பு, ரசம், கீரை மசியல், சுண்டல், தேங்காப்பால் பாயசம். அக்கா, நீ முக்கால்வாசி வீகன்தான். மிச்சம் இருக்கறது தயிரும் நெய்யும்."

"நான் ஒண்ணும் இல்ல. நீதான் லூசு" என்றாள் உன் அக்கா.

அந்த மிச்சத்தைப் பிடிக்கத்தான் மல்லாட்டைக்கு வந்தாய். பட்டணத்து ஆட்கள் வேர்க்கடலை என்பார்கள். நம் பக்கம் அது மல்லாட்டை, எல்லார் வீட்டிலும் மூட்டையாகக் கிடப்பது. ஊறவைத்துத் தோலைத் தேய்த்து எடுத்து, அம்மியில் அரைத்து, வேட்டித் துணியில் பிழிந்து காய்ச்சினாய். வெதுவெதுப்பாக இருக்கும்போது உறைமோருக்குப் பதிலாகப் பச்சைமிளகாய்க் காம்புகளைக் கிள்ளிப் போட்டு, துணி சுற்றி வைத்தாய். முதல் தடவை அது தயிரும் ஆகவில்லை, பாலாகவும் இல்லை. "சுவத்துக்கு அடிக்கலாம், பொங்கலுக்கு ஆகும்" என்றேன். என் மகள் ஒரு வாய் வைத்துவிட்டு, "மாமா, உனக்காக முழுங்கறேன்" என்றாள். நீ கோபித்துக்கொள்ளவில்லை. பிழிந்த சக்கையைக் கொண்டுபோய்த் தொழுவத்தில் நம் பசு வெள்ளச்சிக்கு வைத்தாய். அவள் தொட்டியை நக்கி முடித்துவிட்டு உன் கையையும் நக்கினாள். "பார்றா, ருசி தெரிஞ்சவ" என்று அவளிடம் சொன்னாய். உன் முதல் விசிறி அவள்தான்.

பிறகு மகளுக்கு நிச்சயம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் போளூர் பக்கம். அப்படியே கிரிவலமும் சுற்றிவிடலாம் என்று பௌர்ணமி நாளையே குறித்தார்கள். தாய்மாமன் நீ, சமையல் உன் பொறுப்பு. தயிர் மட்டும் என் பொறுப்பு. பால்காரன் வீட்டில் தயிருக்கா பஞ்சம்?

நிச்சயத்துக்கு முந்தின வாரம் வெள்ளச்சியின் கன்று செத்துப்போனது. மடி கட்டிக்கொண்டு நின்றாளே தவிர, பால் விடவில்லை. அப்போது வேறு கறவையும் இல்லை. தொழிலில் இதற்கு ஒரு வழி உண்டு. கன்றின் தோலை உரித்து, உள்ளே வைக்கோலை அடைத்துத் தைத்து, தாயின் முன்னால் நிறுத்துவோம். அவள் அதை நக்கிக்கொண்டே பால் விடுவாள். தோல் தைக்கும் ஆளைக் கூப்பிடு என்று உன் அக்காவும் சொன்னாள், எனக்கும் அதுதான் எண்ணம். நீ தொழுவத்தில் வெள்ளச்சியின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றிருந்தாய்.

"அவளுக்கு மூக்கு இருக்கு மாமா" என்றாய். "வைக்கோல் எது, புள்ள எதுன்னு தெரியாதா? தெரிஞ்சேதான் நிப்பா."

உன் குரல் உரக்கவே இல்லை. ஆனால் நான் தோல்காரரைக் கூப்பிடப் போகவில்லை. கன்றைக் கொல்லையில் முருங்கை அடியில் புதைத்தோம். வெள்ளச்சியின் மடிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, வலி தீரும் அளவு மட்டும் கையால் பீய்ச்சி மண்ணில் விட்டாய்.

பௌர்ணமி என்றால் டவுனில் பாலும் தயிரும் கோயிலுக்கும் டீக்கடைகளுக்குமே போதாது. கேட்ட இடமெல்லாம் கையை விரித்தார்கள். "நான் பாத்துக்கறேன்" என்று நீ மல்லாட்டையை ஊறப்போட்டாய். அதற்குள் உன் கை பழகியிருந்தது. மறுநாள் துணியைப் பிரித்தால், பானைக்குள் கட்டித் தயிர், மேலே ஒரு விரிசல் இல்லை.

உன் அக்கா தொட்டுப் பார்த்தாள். "இது போதும். யாருக்கும் தெரியாது. வாயைத் தெறக்காம ஊத்திட்டு வந்துடு."

"சொல்லிட்டுத்தான் ஊத்தணும் அக்கா."

"டேய், பொண்ணு வாழ்க்கைடா!"

"அதுக்குத்தான் சொல்றேன். மறைச்சு ஊத்தினா இதுவும் வைக்கோல் கன்னுதான்."

பந்தியில் முதல் இலை மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு. மீசை வெளுத்த, அதிகம் பேசாத மனிதர். அவர் சரி என்றால்தான் அந்த வீட்டில் எதுவும் நடக்கும் என்று சொல்லியிருந்தார்கள். ரசம் முடிந்தது. நீ பானையோடு அவர் முன்னால் போய்க் குனிந்தாய். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். கதவு இடுக்கில் என் மகளின் கண் தெரிந்தது.

"பெரியப்பா, இது மாட்டுத் தயிர் இல்லைங்க. மல்லாட்டைத் தயிர். புடிச்சா ஊத்தறேன், இல்லன்னா ரசத்தோட முடிச்சுக்கலாம்."

பந்தி நின்றுபோனது. "பால்காரர் வீட்ல தயிர் இல்லயா?" என்றார் அவர்.

"மாடு துக்கத்துல இருக்குதுங்க. கன்னு போயிடுச்சு."

நிச்சயத்து வீட்டில், நடுப்பந்தியில், துக்கம் என்ற சொல்! உன் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். பெரியப்பா தொழுவத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தார். வெள்ளச்சி இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"ஊத்துப்பா" என்றார்.

பிசைந்தார். ஒரு வாய் தின்றார். "மல்லாட்டை வாசனை அடிக்குதே."

"மல்லாட்டையாச்சே பெரியப்பா. தாழம்பூவா மணக்கும்?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "உப்பு கம்மி" என்று உப்பு கேட்டு வாங்கி, இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னார். எழுந்திருக்கும்போது இலையைத் தன் பக்கமாக, உள்நோக்கி மடித்தார். உறவு தொடரட்டும் என்று நினைப்பவர்கள் மடிக்கிற மடிப்பு. நான் தூணை விட்டேன்.

அன்று சாயந்திரம் எல்லாருமாக மலை சுற்றப் போனோம். நிலா மலைக்கு மேலே வந்தபோது ரோடு, மரம், மனிதர்கள் எல்லாம் பாலில் நனைத்து எடுத்தது போல் இருந்தது. பெரியப்பா உன் தோளில் கை போட்டுக்கொண்டு, "காம்பை எத்தினி கிள்ளிப் போடணும்?" என்று கேட்டுக்கொண்டே நடந்தார். கூட்டத்தின் நடுவில், நடக்கிறேனா மிதக்கிறேனா என்று தெரியாமல் உங்கள் பின்னால் வந்தேன். இன்றைக்கும் தூக்கத்தில் அந்த ரோட்டில் நடக்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் எனக்கு முன்னால் போய்க்கொண்டே இருக்கிறீர்கள். பெரியப்பாவும் இப்போது இல்லை.

வெள்ளச்சியின் அடுத்த கன்று மடி முழுவதும் தானே குடித்து வளர்ந்தது. நான் கொஞ்சம் கொஞ்சமாகப் பால் ஊற்றுவதை விட்டேன். நீயும் நானும் பௌர்ணமிதோறும் வீட்டு முன்னால் பானை வைத்து, மலை சுற்றுகிறவர்களுக்கு மல்லாட்டை மோர் கொடுத்தோம். பக்கத்தில் ஒரு கரும்பலகை. அதில் இது மல்லாட்டை மோர் என்று சுண்ணாம்புக் கட்டியால் நீ எழுதுவாய், நான் ஆற்றுவேன்.

போன வருஷத்துக்கு முந்தின ஐப்பசியில், மழை நாளில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ போய்விட்டாய். பலகையில் இருந்ததைச் சாரல் அழித்துவிட்டது. அடுத்த பௌர்ணமிக்கு நான் பானையை வைத்தேன். கூட்டம் ஜாஸ்தி. கேட்டவர்களுக்குச் சொன்னேன். கேட்காதவர்கள் மாட்டு மோர் என்று நினைத்துக் குடித்துவிட்டு, கும்பிட்டுப் போனார்கள். அந்தக் கும்பிடு என்னைக் குத்தியது. எத்தனை பேரிடம் வாயால் சொல்ல முடியும்? அதனால்தான், மச்சான், இந்த வயசில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கு நடக்கும் எழுத்து வகுப்பில் போய் உட்கார்ந்தேன்.

இன்று பௌர்ணமி. பலகையைத் துடைத்து வாசலில் சாய்த்துவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுத்து கோணல்தான், வெள்ளச்சியின் கொம்பு மாதிரி ஒன்று இங்கே, ஒன்று அங்கே. "மல்லாட்டை மோர். மாட்டுப் பால் இல்லை" என்று எழுதியிருக்கிறேன். இப்போதே மலை சுற்ற வந்த ஓர் அம்மா நின்று, தன் பேத்திக்கு அதை எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டுகிறார். என் கை எழுதியது அவர் வாயிலிருந்து வருகிறது.

டம்ளரை நீட்டுகிறார். நான் எழுந்து போகிறேன், மச்சான். சொல்லிவிட்டுத்தான் ஊற்றுகிறேன்.