சம்பந்தியின் கயிறு

ஓபர்மாட், வாலிஸ் மலை
1909 செப்டம்பர்

அன்பு மகள் கிரெசென்ஸுக்கு அப்பா மோரிட்ஸ் சொல்லச் சொல்ல ரொட்டிக்கடை வெரீனா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் கறவை மாடு இரண்டும் மாதா தயவில் சுகம், அங்கே அர்ஜென்டினாவில் நீயும் மாப்பிள்ளை தியோதுலும் பிள்ளைகளும் சுகமென்று கேட்டால்தான் எங்களுக்கு ரொட்டி தொண்டையில் இறங்கும். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை. காக்கைக் கொம்புச் சிகரத்துக்குக் கீழே மலையேறும் சங்கத்தார் உன் மாமனார் இக்னாஸ் பெயரில் விடுதி கட்டித் திறக்கிறார்களாமே, அப்பா நீங்களும் போய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிடுங்கள், சம்பந்தியான பிறகும் என்ன பகை என்று எழுதியிருந்தாய். போனேன் மகளே. வேறு யாராவது கோணலாக எழுதும் முன் நானே சொல்லிவிடுகிறேன்.

உனக்கு எழுத்துக் கற்றுத் தந்த மிஸ் வின்யார்டை நீ மறந்திருக்கமாட்டாய். இவள் நெஞ்சு ஒரு குளிர்காலம் தாங்காதென்று இங்கிலாந்து வைத்தியர்கள் கைவிட்டு அனுப்பிய பெண், வந்த கோடையிலேயே என் இடுப்புக் கயிற்றின் மறுமுனையில் நின்றாள். கை கொடுக்காதே மோரிட்ஸ், கால் எங்கே வைக்கணும்னு மட்டும் சொல்லு என்பாள். ஏறுவாள், இறங்கியதும் உட்கார்ந்து எழுதுவாள், லண்டனில் அது புத்தகமாகும், அந்தக் காசில் மறுபடி வருவாள். பாவாடையோடு பாறையில் ஏற முடியுமா, பனியாற்றின் ஓரத்தில் அதைக் கழற்றிக் கல்லுக்கடியில் வைத்துவிட்டுக் கால்சட்டையோடு ஏறுவாள், திரும்பும்போது உடுத்திக்கொண்டு ஊருக்குள் வருவாள். காக்கைக் கொம்பின் உச்சியில் யாரும் கால் வைக்காத காலத்தில் அவளும் நானும் வைத்தோம், ஏறியதற்கு அடையாளமாகக் கல்குவியலும் எழுப்பினோம். இறங்கி வந்து பார்த்தால் பாவாடையைக் காணோம். அன்றைக்கு மாதா திருநாள். மாதா ஊர்வலம் வருகிற தெரு வழியாக அவள் கால்சட்டையோடு நடந்தாள், ஊரார் கல்லெறியவில்லை, அதுதான் பாக்கி. சாமியார் பிரசங்கத்தில் திட்டினார், விடுதிக்காரன் அவள் பெட்டியைத் தெருவில் வைத்தான். என்னைப் போலவே வழிகாட்டியான இக்னாஸ் மறுவாரம் தன் துரையைக் கூட்டிக்கொண்டு உச்சிக்குப் போய்வந்து, முதலில் ஏறியது நாங்கள்தான், மேலே ஒரு கல்கூட இல்லை, அவள் ஏறவே இல்லை, பாவாடையை அவளே தொலைத்துவிட்டுக் கதை கட்டுகிறாள், அன்றைக்கு நான் பனியாற்றுப் பக்கமே போகவில்லை என்று சிலுவையைத் தொட்டுச் சொன்னான். அவளிடம் கூலி வாங்கியவன் என்று என் சாட்சியைத் தள்ளிவிட்டு, லண்டன் சங்கம் ஆம்பிளைத் துரையின் வார்த்தையை நம்பியது. அவள் புத்தகத்தைச் சிரித்துக்கொண்டே படித்தார்கள். கடைசியில் நம் மேல்அறையில் சாகக் கிடந்தபோது என் கையைப் பிடித்து, நான் மேலே நின்னேன் இல்லையா மோரிட்ஸ் என்று கேட்டாள். அத்தனை பேர் இல்லையென்று சொன்னால் நின்றவளுக்கே சந்தேகம் வந்துவிடுகிறது மகளே. இதைத்தான் நான் மன்னிக்கவில்லை.

பனியாறு தன் பிளவில் விழுங்கினதை ஒருநாள் கீழே வந்து கக்கும். இத்தனை வருஷம் கழித்து இந்தக் கோடையில் அது கக்கிய மூட்டையை ஆட்டைத் தேடிப் போன நான் கண்டேன். உள்ளே கல் வைத்துச் சுருட்டிய பழுப்புக் கம்பளிப் பாவாடை, சுற்றிலும் வைக்கோல் கட்டுகிற கயிறு, கயிற்றின் நுனி மரக்கட்டையில் சூடு போட்ட கோழிக்கால் குறி. அது யார் வீட்டுக் குறியென்று உனக்கே தெரியும், உன் கல்யாணப் பெட்டியிலும் அதுதான் இருக்கிறது.

திறப்பு விழாவில் பாண்டு வாத்தியம், சங்கத்துத் துரைமார், நெஞ்சில் ரிப்பன் குத்தி நாற்காலியில் உன் மாமனார். நான் பாவாடையைச் சாக்கில் வைத்துக்கொண்டு கயிற்றை மட்டும் நீட்டினேன். தொப்பியைக் கழற்றி, சம்பந்தி, ஆத்தோரம் கிடந்துச்சு, யார் வீட்டுக் கயிறு இது என்றேன். நம் ஊரில் தன் வீட்டுக் குறியை எவன் இல்லையென்பான்? கட்டைவிரலால் தடவிப் பார்த்து, கோழிக்கால் கண்ணுக்குத் தெரியல? எங்கப்பா செதுக்கின கட்டைடா, எந்தத் திருட்டுப்பய இத்தனை நாளா வச்சிருந்தான் என்று எல்லார் காதிலும் விழக் கத்தினான். பனியாறுதான் வச்சிருந்துச்சு சம்பந்தி, இதோட சேர்த்து என்று பாவாடையை அவன் மடியில் போட்டேன். தையற்காரி மத்தில்டா எழுந்து, ஐயோ இங்கிலீஷ்காரி பாவாடை, கரையில சிவப்பு நாடா நான்தான் தச்சேன் என்றாள். காத்து அடிச்சுக்கிட்டுப் போயிருக்கும் என்றான் உன் மாமனார். காத்துக்கு முடிச்சுப் போடவும் தெரியுமாய்யா என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான், பாண்டுக்காரர்களே சிரித்துவிட்டார்கள். அப்புறம் என் சட்டையைப் பிடித்து, பிள்ளைங்க முகத்துக்காக விட்டுடுடா மோரிட்ஸ் என்றான். அவளைத் தெருவில நடக்கவிட்டப்போ யார் முகத்தைப் பார்த்தே என்றேன். கல்குவியலைத் தட்டிவிட்டதையும் அங்கேயே ஒப்புக்கொண்டான், துரைமார் தொப்பியைப் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்கள்.

அன்றிலிருந்து அவன் படுக்கையில். என்னை வரச்சொல்லி மூன்று தடவை ஆள் விட்டான், அம்மாவும் போங்களேன் என்கிறாள். போகமாட்டேன். நேற்று சங்கத்தார் சொன்னபடி தச்சன் விடுதி வாசலில் அவன் பெயர்ப்பலகையைப் பிடுங்கிவிட்டு மிஸ் வின்யார்ட் பலகையை மாட்டினான். பழைய ஆணி ஓட்டைகளை அடைக்கட்டுமா என்று கேட்டான். அடைக்காதே, வருகிறவன் போகிறவன் இது என்ன ஓட்டையென்று கேட்கட்டும் என்றேன்.

மாப்பிள்ளை கோபித்தால் கோபிக்கட்டும், உன்மேல் கை ஓங்கினால் எழுது. பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தம், மாதா உங்கள் கூரையைக் காக்கட்டும். நெஞ்சுச் சளிக்குக் கொழுப்பைச் சூடாகத் தடவ மறக்காதே. அடுத்த கடிதத்தில் எதை வேண்டுமானாலும் எழுது, மன்னிப்பைப் பற்றி மட்டும் எழுதாதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அப்பா
மோரிட்ஸ் போர்ட்டிஸ்