பார்த்ததை மட்டும் எழுதியவள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுத உட்கார்ந்தேன். இங்கே அப்பாவுக்கு முட்டிவலி தவிர வேறு குறை இல்லை, மாடி ஏறமாட்டேன் என்று கூடத்திலேயே கட்டிலைப் போட்டுக்கொண்டு போகிறவர் வருகிறவரை எல்லாம் விசாரிக்கிறார். எனக்குத்தான் அலுப்பு, தூங்கி எழுந்தாலும் போகாத அலுப்பு. போனில் நீ கேட்டபோது ஒன்றுமில்லை என்றேனே, அது பொய். நடந்ததை வாயால் சொல்ல வரவில்லை.

பதினொன்று, பன்னிரண்டு படிக்கிற பிள்ளைகளுக்கு நான் மழலையர் கல்விப் பாடம் எடுப்பது உனக்குத் தெரியும், மார்க் குறைந்தவர்களைத் தள்ளிவிடுகிற இடம் என்று எங்கள் பள்ளியிலேயே அதற்குப் பெயர். பக்கத்து மழலையர் வகுப்பில் வாரம் மூன்று நாள் பயிற்சி, மூக்குத் துடைப்பதிலிருந்து கடிக்கிற குழந்தையைப் பிரித்து உட்காரவைப்பது வரை அங்கேதான் கற்கிறார்கள். ஆளுக்கொரு கவனிப்பு நோட்டு உண்டு, நேரம் போட்டு எழுத வேண்டும். பார்த்ததை எழுது, நினைத்ததை எழுதாதே என்று இருபத்தாறு வருடமாகத் தொண்டை வற்றக் கத்துகிறேன். ‘அடம் பிடித்தான்’ என்றிருந்தால் அதைக் கோடு போட்டு அடித்துவிட்டு ‘தட்டைத் தள்ளினான்’ என்று எழுதவைப்பேன். இந்த வருடம் ஒருத்திக்கு முந்திரிக்கொட்டை என்று பட்டப்பெயர், கேள்வியை முடிக்குமுன் பதில் சொல்லிவிடுவாள். அவள் அப்பா தச்சர். “புள்ள மேய்க்க ஒரு படிப்பா” என்று அவளை வீட்டில் தினமும் கிண்டல் செய்வாராம்.

போன மாதம் ஒரு புதன்கிழமை, மதியம் குழந்தைகள் பாயில் தூங்குகிற நேரம், முந்திரிக்கொட்டை தவிர மற்ற மாணவிகள் சாப்பிடப் போயிருந்தார்கள். காற்றாடிச் சத்தத்தில் நாற்காலியில் சாய்ந்தேன், அவ்வளவுதான் தெரியும். கண் திறந்தால் வாசலில் முந்திரிக்கொட்டை மூச்சிரைக்க நிற்கிறாள், அவள் இடுப்பில் மூன்று வயதுக் குட்டிப்பெண் ஒருத்தி, கை நிறையக் கூழாங்கல். சாயங்காலம் அவள் நோட்டு என் கைக்கு வந்தது. ‘1.40, டீச்சர் நாற்காலியில் தூங்குகிறார். 1.52, தலைகளை எண்ணினேன், ஒன்று குறைகிறது. 1.55, குழந்தை கேட்டுக்கு வெளியே, நின்ற லாரியின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கல் பொறுக்குகிறது. 1.57, தூக்கி வந்தேன்.’ பயந்தேன் என்றுகூட எழுதவில்லை அந்தப் பெண்.

உன்னிடம் மறைப்பானேன், கிழித்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று கை போனது. அவளைக் கூப்பிட்டேன். “நீங்கதானே டீச்சர் பாத்தத எழுதச் சொன்னீங்க, வேணும்னா அடிச்சிடறேன்” என்று அழுதாள். வேண்டாம், சரியாகத்தான் எழுதியிருக்கிறாய் என்று கையெழுத்துப் போட்டு, நோட்டைத் தலைமையாசிரியை மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். “ஒண்ணும் ஆகலியே, இத ஏன் தூக்கிட்டு வர்றீங்க” என்றார் அவர். ஆகியிருந்தால் யார் பதில் சொல்வது? குழந்தையின் அம்மா தையல்கடையில் வேலை பார்க்கிறாள், அங்கேயே போய்ச் சொன்னேன். கத்துவாள் என்று பார்த்தேன், கத்தவில்லை. மெஷினை நிறுத்திவிட்டுக் குழந்தையைப் பார்க்க வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். மறுநாளிலிருந்து குழந்தை வரவில்லை.

என்னைப் பயிற்சி வகுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள், இனிப் பாடம் மட்டும்தான். அடுத்த வாரம் தச்சர் வந்தார், வாத்தியாரையே மாட்டிவிட்டாளே என்று மன்னிப்புக் கேட்கத்தான். உங்கள் மகள் ஒரு உயிரைத் தூக்கி வந்திருக்கிறாள் என்று அந்தப் பக்கத்தைப் படிக்கக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். பிறகு கேட்டுக்குப் போய் ஆடுகிற தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்துவிட்டு, புதுசு எந்த உயரத்தில் போடட்டும் என்று மகளிடம் கேட்டார், என்னிடம் இல்லை. நாற்காலி போட்டு ஏறினாலும் எட்டக்கூடாதுப்பா என்று அவள் கையை உயர்த்திக் காட்டினாள். அதைப் பார்த்த பிறகுதான் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கியது. ஆனாலும் வருகைப் பதிவேட்டில் அந்தக் குட்டியின் பெயருக்கு நேரே தினமும் ‘வரவில்லை’ என்றுதான் விழுகிறதாம். வருடக் கடைசியோடு விலகிக்கொள்வதாக எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நீ முதுகுவலிக்கு டாக்டரைப் பார், தள்ளிப்போடாதே. மூன்று பேரும் எந்தக் குறையும் இல்லாமல் நிறைவாக இருங்கள். மறக்காதே, அப்பாவிடம் இதைப் பேச்சில் எடுக்காதே. அவருக்கு எல்லாம் தெரியும், தெரியாத மாதிரி தினமும் காலையில் காப்பி டம்ளரைக் கையில் கொடுத்து “இன்னிக்கு லேட்டாப் போனா என்ன” என்கிறார். அப்படியே இருக்கட்டும்.

உன் அம்மா